முதல் பக்கத்தில் மூன்றாவது

10 ஜூன் 1963, திங்கள்

தென்காசியில் சாரல் இன்னும் இறங்கவில்லை. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று மட்டும் வருகிறது. அப்பாவின் தையல் கடையிலிருந்து வெட்டுத்துணி பறந்துபோய் நாலு வீடு தள்ளிக் கிடந்தது. கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. போய்ப் பொறுக்கி வந்தேன்.

பி.ஏ. தேறி இரண்டு வாரம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அதை வருகிறவர்களுக்கெல்லாம் அளவெடுத்துக்கொண்டே சொல்கிறார். கழுத்தைச் சுற்றி டேப் இருக்கும்போது அவர்களால் எங்கேயும் போகவும் முடியாது.

பி.டி. படித்தால் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம். விண்ணப்பத் தாள் வாங்கி இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் நிச்சயதாம்பூலம் முடிந்துவிட்டது. இனிமேல் யாரிடம் சொல்ல?

அவர் பெயர் நல்லகண்ணு. சொந்த ஊர் வாசுதேவநல்லூர். பிலாய் இரும்பாலையில் இஞ்சினீயர். நிச்சயத்தன்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் ஷூவைக் கழற்றும்போது காலுறை தெரிந்தது. பெருவிரல் பக்கம் கிழிந்து தைத்திருந்தது. நெருக்கமான, நல்ல தையல். யார் தைத்ததோ. அவரைப் பற்றி எனக்கு நேரில் தெரிந்தது அவ்வளவுதான்.

14 ஜூன், வெள்ளி

பிலாயிலிருந்து பெரிய சதுரப் பார்சல். அப்பா கத்தரியை எடுத்து, பட்டுத்துணி வெட்டுகிற நிதானத்தில் நூலை வெட்டினார்.

உள்ளே ஒரு இசைத்தட்டு. லாங் ப்ளே. நீல அட்டை, அதன்மேல் வீணை படம். எல்லோருக்கும் பிடித்த கர்நாடக சங்கீத உருப்படிகள் பன்னிரண்டு, பக்கத்துக்கு ஆறு, ஒரே தட்டில். வெவ்வேறு வித்வான்கள். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொன்றைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு பத்தி.

அம்மா பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். சித்தி தட்டைப் பார்த்துவிட்டு, “தோசைக்கல்லு கணக்கா இருக்கு. கைப்பிடி எங்க?” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கூடவே ஆங்கிலத்தில் கடிதம். கீழே கையெழுத்து, ‘எம். என். கண்ணன்’. யார் இந்தக் கண்ணன் என்று ஒரு நிமிடம் திகைத்தேன். நல்லகண்ணுதான் கண்ணன் ஆகியிருக்கிறார்.

அனுப்புவதற்கு முன்னால் ஆறு தடவை கேட்டாராம். ‘முதல் பக்கத்தில் மூன்றாவது. மோகனம், புல்லாங்குழல். உன் பெயரிலேயே குழல் இருக்கிறது, அதனால் இது நம்முடையது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, என்ன தோன்றியது என்று எழுது. இங்கே ஆபீசர்கள் வீடுகளில் மாலையானால் நல்ல சங்கீதம்தான். என் மனைவியும் அதில் கலந்துகொள்ள வேண்டும்.’

“குழலு, என்ன எழுதிருக்காரு?” என்றார் அப்பா.

“நல்லா இருக்காராம்.”

“ரெண்டு பக்கத்துக்குமா நல்லா இருக்காரு?”

எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது.

15 ஜூன்

அப்பாவுக்கு ஒரு யோசனை. கல்யாண வீடுகளில் ரேடியோ செட் வைத்துக் குழாயில் பாட்டுப் போடுகிறவர் தெருமுனையில் இருக்கிறார். அவரிடம் கொடுத்துக் குழாயை வேப்பமரத்தில் கட்டினால் சன்னதித் தெரு முழுக்கக் கேட்கும். “மருமகன் அனுப்புன பாட்டுன்னு ஊருக்கே தெரியட்டும்லா.” தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நல்லவேளை, அட்டையில் எச்சரிக்கை போட்டிருந்தது. ரேடியோ செட்டில் இரும்பு ஊசி. லாங் ப்ளே தட்டில் அதை வைத்தால் உழுதுவிடும். வாசித்துச் சொன்னேன். அப்பா பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பிறகு மிஷினில் உட்கார்ந்து அதற்கு ஒரு உறை தைத்தார். கோயில் திரைச்சீலை தைத்ததில் மிச்சமான சிவப்பு வெல்வெட். உள்ளே மல் துணி லைனிங், மூன்று அழுத்துப் பொத்தான். எனக்குக்கூட இப்படி ஒரு சட்டை தைத்ததில்லை.

19 ஜூன், புதன்

பதில் எழுத வேண்டும். அம்மா மூன்று நாளாகக் கேட்கிறாள். நாள் கடத்தினால் ‘பெண்ணுக்கு இஷ்டமில்லை’ என்று நினைப்பார்களாம்.

காலையில் முற்றத்து வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். ஆறு வளையங்கள், நடுவில் மெல்லிய கோடுகள். மூன்றாவது வளையம் மற்றவற்றைவிட அகலம். அதைச் சுற்றி, படாமல், விரலை ஓட்டினேன்.

கேட்கவில்லை, எங்களிடம் ப்ளேயர் இல்லை. இதை எழுத ஒரு வரி போதும். எழுதினேன். கிழித்தேன். ப்ளேயர் இல்லாத வீட்டில் பெண் எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் அனுப்பினார்? தெரியாது என்றால், என்னைப் பற்றி என்னதான் நினைத்திருக்கிறார்?

அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். அதில் ‘மலையோடை போன்ற தெளிவு’ என்று இருந்தது. நான் ஐந்தருவி என்று மாற்றினேன். அது தாழ்ந்த சுரத்தில், ஆள் இருப்பதே தெரியாமல் வாசலில் வந்து நிற்கிற மாதிரி ஆரம்பிக்கிறது என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அட்டையில் அப்படி எதுவும் இல்லை. நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அப்பாவிடம் ஒட்டிக் கொடுத்தேன். ஒரு கல்யாணத்துக்கு இப்படியும் ஒரு பரீட்சை.

2 ஜூலை, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. என்னை ‘நுட்பமானவள்’ என்கிறார். ‘தாழ்ந்த சுரத்தில், வாசலில் வந்து நிற்கிற மாதிரி — அப்படியே உண்மை. அந்த இடத்தில்தான் எனக்கும் கண் நிறைந்தது.’

கேட்காமலே சரியாகச் சொல்லிவிட்டேனா! கல்லூரியில் மூன்று வருஷம் ‘உள்ளேன்’ என்பதைத் தவிர வாய் திறக்காதவள். எனக்குள் இப்படி ஒன்று இருந்ததா?

பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

9 ஜூலை

எட்டுப் பக்கம் எழுதினேன். பன்னிரண்டையும் பற்றி. மூன்றாவதற்கு மட்டும் இரண்டு பக்கம். எழுத எழுத நிஜமாகவே கேட்டது. நடுவில் குழல் மூச்சு வாங்குகிற இடம், மறுபடி கீழே இறங்குகிற இடம், எல்லாம் எனக்குத் தெரிந்தது. அம்மா வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. “எழுதும்போது ஏட்டி சிரிக்க?” என்றாள்.

15 ஜூலை

பி.டி. விண்ணப்பத்துக்கு இன்று கடைசி நாள். தாள் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

22 ஜூலை, திங்கள்

என் எட்டுப் பக்கத்தை அவருடைய மேலதிகாரி வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். அந்த அம்மாள், ‘உங்களுக்குக் கிடைத்தது பெண் அல்ல, ரசிகை’ என்றாளாம். கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் வீட்டு ப்ளேயர் எந்தக் கம்பெனி?

படித்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். இதுவரை அது எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பொய். இப்போது பிலாயில் டீ குடித்துக்கொண்டு நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். இனி எப்படித் திரும்ப வாங்குவது?

சிநேகிதி வீட்டு ப்ளேயர், கம்பெனி கவனிக்கவில்லை என்று எழுதினேன். மூன்றாவது பொய். இல்லை, நாலாவதா?

30 ஜூலை

கடைத்தெருவில் மெஹர் பானுவைப் பார்த்தேன். ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சு. அவளுடைய அண்ணன் யாக்கூப் காக்கா பினாங்கிலிருந்து வந்திருக்கிறாராம், பெட்டி மாதிரி மடிக்கிற ரெக்கார்ட் ப்ளேயரோடு. குற்றாலத்தில் பத்து நாளைக்கு வீடு எடுத்திருக்கிறார்கள்.

“லாங் ப்ளே ஓடுமா?”

“எல்லாம் ஓடும். ஏன்ட்டி முழிக்க? மாப்பிள்ளை தட்டு அனுப்புனாராமே, ஊரே சொல்லுது. எடுத்துட்டு வா, கேப்போம். உனக்காச்சும் அனுப்புதாரு. எனக்கு வரப்போறவரு ஒரு காயிதம்கூடப் போடல.”

ஆகவே நாலாவது பொய் உண்மையாகப் போகிறது. அருவியில் குளிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

3 ஆகஸ்டு, சனி. குற்றாலம்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

நல்ல சாரல். அருவியில் தண்ணீர் எதிரே இருக்கிற ஆர்ச் வளைவைத் தாண்டி விழுகிறதென்று பெண்களை விடவில்லை. நேராக மெஹர் பானு வீட்டுக்குப் போனேன். ஆண்கள் ஐந்தருவிக்குப் போயிருந்தார்கள். அவளும் அவளுடைய உம்மா சைதூன் பீவியும்தான். வெல்வெட் உறையைப் பார்த்துவிட்டு உம்மா, “தட்டுக்கே இவ்வளவு சீர்னா பொண்ணுக்கு எவ்வளவோ” என்றார்கள்.

மெஹர் பானு ஊசியை வைத்தாள். முதல் உருப்படி, வாய்ப்பாட்டு. இரண்டாவது, வீணை. நான் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன இடைவெளி. மூன்றாவது ஆரம்பித்தது.

தாழ்ந்த சுரம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சியில். வாசலில் வந்து நிற்கவெல்லாம் இல்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அதைவிட —

“இது பிடிலுல்லா?” என்றார்கள் உம்மா.

பிடில்தான். நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்று: மோகனம், புல்லாங்குழல். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் ராகத்தின் பெயர் மட்டும். குழல் அப்புறம் வரும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது. நாலாவது நாகஸ்வரம். அந்தப் பக்கம் முழுவதும் கேட்டோம். தட்டைத் திருப்பி மறுபக்கம் முழுவதும் கேட்டோம். பன்னிரண்டிலும் குழல் எங்கேயும் இல்லை.

“அட்டை அடிச்சவன் தப்பா அடிச்சிட்டான்” என்றாள் மெஹர் பானு. “அதுக்கு ஏன் நீ பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

ஆறு தடவை கேட்டேன் என்று எழுதினாரே. அந்த இடத்தில் கண் நிறைந்தது என்று எழுதினாரே. அந்த இடமே நான் உண்டாக்கினது!

இதைப் போய் எப்படிச் சொல்ல? சொன்னேன். என் பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். மெஹர் பானு முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீ அட்டையப் படிச்சு எழுத, அவரு அதே அட்டையப் படிச்சு அழ. ஜோடிப் பொருத்தம் அமோகம்!” நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நீ ஏன் பொய் எழுதுனன்னு எனக்கு வெளங்குது புள்ள. அவரு ஏன் எழுதணும்?” என்றார்கள்.

4 ஆகஸ்டு

அந்த மூன்றாவது உருப்படி நல்ல வாசிப்புத்தான். ஆனால் நான் எழுதிய குழலைத்தான் மனசு தேடுகிறது. அது எந்தத் தட்டிலும் இல்லை.

6 ஆகஸ்டு, செவ்வாய்

இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். இன்று வேறு மாதிரித் தோன்றுகிறது. தைத்த காலுறை. நல்லகண்ணு கண்ணன் ஆனது. அவர் வீட்டிலும் அவர்தான் முதலில் படித்தவர். ஆபீசர் வீட்டில் யாரோ இந்தத் தட்டைப் பற்றிப் பேசியிருப்பார்கள். தனக்கும் தெரியும் என்று தலையாட்டியிருப்பார். என்னைப் போலவேதானே? எனக்குப் பயம் என்று நான் சொல்லிவிட்டால், அவரும் சொல்லிவிடலாம். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்களாக நிம்மதியாக இருக்கலாம்.

எழுதிவிட்டேன், ஒரே பக்கம். எங்கள் வீட்டில் ப்ளேயர் இல்லை. முன்பு எழுதியதெல்லாம் அட்டையைப் பார்த்து எழுதியது, மன்னிக்கவும். போன சனிக்கிழமைதான் முதல் தடவை கேட்டேன். மூன்றாவது புல்லாங்குழல் அல்ல, வயலின். உங்களிடமும் ப்ளேயர் இல்லையென்றால் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான்.

அப்பாவிடம் கொடுக்காமல் நானே போய்ப் பெட்டியில் போட்டேன்.

12 ஆகஸ்டு

தபால்காரர் இன்றும் தாண்டிப் போனார்.

19 ஆகஸ்டு, திங்கள்

வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘நீ கேட்ட ப்ளேயரில் ஊசி தேய்ந்திருக்கும். மலிவான ப்ளேயர்களில் குழலும் வயலினும் ஒரே மாதிரிதான் கேட்கும். பழக்கமில்லாத காதுக்கு வித்தியாசம் தெரியாது. பரவாயில்லை, எப்படிக் கேட்பது என்று நான் கற்றுத் தருகிறேன். கேட்காமல் எழுதியது தவறுதான். ஆனாலும் மன்னித்துவிட்டேன். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. — எம். என். கண்ணன்.’

மன்னித்துவிட்டாராம்!

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வாருங்கள் என்றேன். அவர் வெளியே நின்று, எனக்குக் காது கேட்கவில்லை என்கிறார். இனி ஆயுசு முழுக்க இப்படித்தானா? பிடிலைப் பிடில் என்று சொன்னால் என் காதில் கோளாறு. இல்லை, நான்தான் பெரிசுபடுத்துகிறேனா? உம்மாவுக்கும் பிடில்தானே கேட்டது.

கல்யாணத்துக்கு இருபத்தி மூன்று நாள்.

21 ஆகஸ்டு, புதன்

அப்பாவிடம் சொன்னேன். வாழ்க்கையில் அவரிடம் நான் தொடர்ந்து பேசியது இதுதான் அதிகம். கல்யாணப் பட்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தாமலே கேட்டார். பாதியில் நிறுத்தினார்.

“நில்லுட்டி குழலு. குழலுன்னு அட்டையில போட்டிருக்கு. உள்ள பிடிலு வாசிக்கான். இதுல மாப்பிள்ளை என்ன செய்தாரு?”

“கேக்காமலே கேட்டேன்னு எழுதுதாருப்பா. தப்புன்னு தெரிஞ்ச பொறவும் தான் சொன்னதுதான் சரிங்காரு.”

“குழலாவது பிடிலாவது. ரெண்டும் மரந்தான?” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஏட்டி, நானும் ‘நாளைக்குத் தாரேன்’னு சொல்லி நாலு வாரம் இழுக்கேன். தையக்காரன் சொல்லாத பொய்யா? என்னைய நம்பி உங்க அம்மா குடும்பம் நடத்தல?”

அம்மா கதவோரம் நின்றாள். அவளுக்குப் பெயர் வடிவம்மாள், ஆனால் பேச்சு அரிவாள். “நீயும்தான பாக்காத சங்கதிய எட்டுப் பக்கம் எழுதுன? அவரு குடிச்சாரா, அடிச்சாரா? பாட்டுல தப்புன்னு கல்யாணத்த நிறுத்துன சிறுக்கி எவளாவது உண்டா? மாடக்கண்ணு மாமா கேட்டா என்னன்னு சொல்லச் சொல்லுத?” மாடக்கண்ணு அவருடைய அப்பா. வாசுதேவநல்லூரில் எலுமிச்சைத் தோட்டம். நல்ல மனிதர். நிச்சயத்தன்று என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வாங்கி, கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார்.

சொல்லிப் பார்த்தால் காரணம் இவ்வளவு சின்னதாக இருக்கிறது. ஆனால் இதற்குள்தான் நான் போய் இருக்க வேண்டும்.

அப்பா மிஷினைத் திரும்ப ஓட்டினார். “தோள்பட்டை இறுக்கமா இருக்கான்னு போட்டுப் பாத்துட்டுச் சொல்லு” என்றார்.

போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

27 ஆகஸ்டு

மெஹர் பானு வந்தாள். “தட்டத் திருப்பி அனுப்பிரு. கல்யாணம் தன்னால நின்னுரும்” என்றாள். அவள் போன பிறகு உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தைத்த பொத்தான்கள். திறந்து, மூடி, திறந்து. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

10 செப்டம்பர், செவ்வாய்

நாளைக்குக் கல்யாணம். தெருமுனையிலிருந்து ரேடியோ செட் வந்துவிட்டது. வேப்பமரத்தில் குழாய் கட்டுகிறார்கள். அப்பா கீழே நின்று, “கோயில் பக்கமா திருப்புலே” என்கிறார்.

இந்த நோட்டைப் பிலாய்க்குக் கொண்டுபோக முடியாது. டிரங்குப் பெட்டியின் அடியில் வைக்கிறேன். பி.டி. தாளும் இதற்குள்ளேயே இருக்கட்டும்.

8 ஜூலை 1965, வியாழன்

ஏறக்குறைய இரண்டு வருஷம். நோட்டில் பூச்சி உருண்டை வாசனை.

நேற்று வந்தோம். அவருடைய மேலதிகாரியும் மனைவியும் குற்றால சீசன் பார்க்க வேண்டும் என்றார்களாம். அவர்களோடு அவர் குற்றாலத்தில் பங்களாவில் இருக்கிறார். நான் இங்கே ஒரு வாரம்.

பிலாய் வீட்டைப் பற்றி ஒன்று மட்டும் எழுதுகிறேன். அங்கே ப்ளேயர் இல்லை. விற்றுவிட்டேன் என்றார். பிறகு ஒரு நாள், நண்பர் வாங்கிப் போனார் என்றார். மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை. தட்டு வெல்வெட் உறையோடு கண்ணாடி அலமாரியில் இருக்கும். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். ‘முதல் பக்கத்தில் மூன்றாவது, எங்கள் கல்யாணத்தையே நடத்தி வைத்த புல்லாங்குழல்’ என்பார். நான் பிஸ்கட் ட்ரேயோடு நிற்பேன். கோபப்படுகிற மனிதர் இல்லை. என்னை அடித்ததில்லை. நாலு பேர் முன்னால் என் ஆங்கில உச்சரிப்பைத் திருத்துவார், சிரித்துக்கொண்டே.

அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, “வளையல் கழலுதே” என்றாள்.

11 ஜூலை, ஞாயிறு

இன்று குற்றாலத்துக்குக் கூப்பிட்டார். தட்டையும் கொண்டுவரச் சொன்னார். பிலாயிலிருந்து வரும்போதே அதை என் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார். மேலதிகாரியின் மனைவி புது ப்ளேயர் வாங்கியிருக்கிறாள். இங்கேயே வைத்துக் கேட்க வேண்டுமாம்.

அவளுக்கு அப்பா ஒரு ஜாக்கெட் தைத்திருந்தார். கொடுப்பதற்காக என்னோடு பஸ்ஸில் வந்தார். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை. டேப் மட்டும் பழக்கத்தில் கழுத்திலேயே இருந்தது. பங்களா வாசலில்தான் கவனித்தேன். சொல்வதற்குள் உள்ளே போய்விட்டோம். அவர் எழுந்து வந்து, “என் மாமனார். ஜவுளி வியாபாரம்” என்று அறிமுகம் செய்தார். அப்பா மெதுவாக டேப்பை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

ஊசியை வைத்ததும் அவர் எல்லோரையும் கையமர்த்தினார். “மூன்றாவதுக்குக் காத்திருங்கள். புல்லாங்குழல். இவள் எனக்கு எட்டுப் பக்கம் எழுதினாள் இதைப் பற்றி.”

முதலாவது. இரண்டாவது. ஜன்னலுக்கு வெளியே சாரல். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது எடுத்த எடுப்பிலேயே உச்சியில் ஆரம்பித்தது. அதே பிடில். அவர் தலை ஆட ஆரம்பித்து நின்றது. ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பாடம் படிக்காமல் வந்து எழுந்து நிற்கிற பையனின் முகம். வயலின் என்று நான் எழுதியது நிஜம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இல்லை, முன்பே தெரியும், அப்போதுதான் கேட்டார். அந்த ஒரு வினாடி எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இப்போதாவது சிரித்துவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“குழல் எப்போது வரும்?” என்றாள் மேலதிகாரியின் மனைவி.

“இதுதான்” என்றார் அவர். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. “வயலினிலேயே குழலைக் கொண்டுவந்திருக்கிறார், கவனித்தீர்களா? அதுதான் இதன் அழகு. பழக்கமில்லாதவர்கள் வெறும் வயலின் என்று நினைத்துவிடுவார்கள்.”

“அட, ஆமாம். குழல் மாதிரியேதான்” என்றார் மேலதிகாரி. அந்த அம்மாளும் கண்ணை மூடி, ஆமாம் என்று தலையாட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாம்” என்றேன்.

அப்பா மட்டும் தலையாட்டவில்லை. ப்ளேயரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உருப்படி முடியும்வரை என்னைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். நனைந்தபடியே அப்பா கேட்டார்:

“அன்னைக்கு இதைத்தான் சொன்னியா?”

“ஆமாப்பா.”

செங்கோட்டை பஸ் போயிற்று. அடுத்து தென்காசி பஸ் வந்தது. என்னை முதலில் ஏறச் சொன்னார்.

12 ஜூலை, திங்கள்

காலையில் கடைக்குப் பலவேசம் அண்ணாச்சி வந்தார். பாவூர்சத்திரத்தில் காய்கறி வியாபாரம். ஒரு சட்டைக்கு ஒரு மாதமாக நடக்கிறார். வந்ததும் அவரே ஆரம்பித்தார்: “என்ன அய்யாக்குட்டி, நாளைக்குத்தான?”

“இல்ல அண்ணாச்சி. இன்னும் துணியை வெட்டவே இல்ல” என்றார் அப்பா. “ஞாயித்துக்கிழமைதான் முடியும். அதுக்கு முன்ன வந்தா வீண் நடை.”

அண்ணாச்சி அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “உடம்புக்கு என்னமும் செய்யுதா?” என்றார்.

அடுத்து வந்தவரிடமும் அப்பா அப்படித்தான் சொன்னார். அதற்கடுத்தவர் கோபப்பட்டு, துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா உள்ளே, “இந்த மனுசனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு” என்று முணுமுணுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது இலையைப் பார்த்தபடியே, “அந்த வாத்தியார் படிப்பு, இப்பவும் சேரலாமா?” என்றார். தாள் நோட்டுக்குள் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

“வருசா வருசம் எடுப்பாங்கப்பா.”

“ம்” என்றார். மோர் ஊற்றிக்கொண்டார்.

14 ஜூலை, புதன்

சாயங்கால வண்டி. அவர் நேராக ஸ்டேஷனுக்கு வருவார்.

பெட்டி கட்டியாயிற்று. தட்டு உறையோடு அடியில், அதன்மேல் புடவைகள். இந்த நோட்டை, பி.டி. தாளோடு, இந்தத் தடவை இங்கே விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். பெட்டியை யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான்.